யோகாப்பியாசம்: புதிதாகத் தொடங்குவோர்க்குச் சில வார்த்தைகள்

(சங்க மண்டபத்தில் யோக வகுப்புத் தொடங்குவதை முன்னிட்டு, அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வருகிற மாதம் முதல் நமது சங்க மண்டபத்தில், யோகாப்பியாசம் புதிதாகக் கற்க விரும்புவோர்க்கு ஒரு வகுப்பு நடத்துவதென்று நிர்வாக சபையார் தீர்மானித்திருக்கிறார்கள். அதனை முன்னிட்டு நான் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று காரியதரிசியவர்கள் கட்டளையிட்டார்கள். நான் யோகியுமல்லேன், வைத்தியனுமல்லேன். முப்பது வருஷகாலம் கடைமேசையின் பின்னே உட்கார்ந்து கணக்கெழுதி, முதுகு கூனிப்போன ஒரு வியாபாரி. ஐம்பத்திரண்டாவது வயதிலே இவ்வித்தையைத் தவறான வழியில் தொடங்கித் துன்பப்பட்டு, பிறகு நேரான வழியில் தொடங்கிச் சிறிது நன்மை கண்டவன். அந்த அநுபவம் ஒன்றே இம்மேடையில் நிற்பதற்கு எனக்குள்ள யோக்கியதை. ஆதலின், பெரியோர்கள் பிழை பொறுத்துக் கேட்கும்படி வேண்டுகிறேன்.

முதலாவது, யோகம் என்றால் என்ன என்பதைச் சிறிது ஆராய்வோம். இக்காலத்தில் யோகம் என்றவுடன் நம் மனக்கண்முன் நிற்பது, தலைகீழாய் நிற்கும் ஓர் இளைஞனுடைய உருவமே. பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரம் ஏறக்குறைய 195 சூத்திரங்களை உடையது. அவற்றுள் ஆசனத்தைப் பற்றிப் பேசுவன மூன்றே. அம்மூன்றின் கருத்தும், உடல் அசையாமலும் வருத்தமில்லாமலும் அமர்ந்திருக்கவேண்டும் என்பதன்றி, உடலை முறுக்கவேண்டும் என்பதன்று. நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில் யோகத்தை எட்டு உறுப்புக்களாக வகுத்தே சொல்லியிருக்கிறார். இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன அவை. அவ்வெட்டனுள் ஆசனம் ஒன்று. அதற்கு முன்னே நிற்பவை, பொய்யாமை, கொல்லாமை, களவு செய்யாமை, தூய்மை, மனநிறைவு முதலிய ஒழுக்கங்கள்.

பிற்காலத்தெழுந்த அடயோக நூல்களிலேதான் ஆசனங்கள் பெருகின. அடயோகப் பிரதீபிகை பதினைந்து ஆசனங்களை விவரிக்கின்றது. கேரண்ட சம்ஹிதை முப்பத்திரண்டைக் கூறுகின்றது. இன்று வகுப்புக்களில் கற்பிக்கப்படும் நூற்றுக்கணக்கான நிலைகளுட் பல, சென்ற நூற்றாண்டிலே ஒழுங்கு செய்யப்பட்டவை. இதனைச் சொல்வது ஆசனங்களைக் குறைத்துப் பேசுவதற்காகவன்று. அவை நன்மை செய்வன என்பதில் ஐயமில்லை. ஆனால், கடினமான ஆசனம் செய்பவனே பெரிய யோகி என்ற எண்ணம் நூலுக்கும் அநுபவத்துக்கும் பொருந்தாது என்பதை மாத்திரம் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ளவேண்டும்.

இவ்வெண்ணத்தினால் விளையும் தீங்கை நான் என் சரீரத்திலேயே அறிந்தேன். ஓய்வு கிடைத்த காலத்தில், கைப்பேசியிலே ஒருவர் சிரசாசனம் செய்வதைக் கண்டேன். அவர் அதைச் செய்த எளிமையைப் பார்த்து, நாமும் செய்யலாமென்று துணிந்தேன். குருவில்லை, முன்பயிற்சியில்லை, சுவரே துணை. முதல் நாள் கால் எழும்பவில்லை. இரண்டாம் நாள் எழும்பிற்று. மூன்றாம் நாள் கழுத்திலே ஒரு சொடுக்கு விழுந்தது. அதன்பின் ஆறு வாரம் கழுத்தைத் திருப்ப இயலாமல், கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு திரிந்தேன். எனக்குச் சிகிச்சை செய்த வைத்தியர் ஒரு கேள்விதான் கேட்டார். “ஐயா, முப்பது வருஷம் உட்கார்ந்திருந்த கழுத்தின்மேல் முழுச் சரீரத்தையும் மூன்றே நாளில் ஏற்றச் சொன்னது யார்?” என்றார். என்னிடத்தில் பதிலில்லை. ஆசனத்தில் குற்றமில்லை, என் ஆசையிலேதான் குற்றம்.

நிற்க. இதனினும் பெரிய தவறொன்று என் வீட்டிலேயே நடந்திருந்தது. அதை நான் அப்போது அறியவில்லை. என் தமக்கையார் அறுபத்து நான்கு வயதானவர். கணவரை இழந்து எங்களுடன் இருப்பவர். முழங்கால் வலியினால் வருந்துபவர். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இருவர் கைகொடுக்க வேண்டும். அதற்கு வெட்கப்பட்டுச் சுபகாரியங்களுக்குப் போவதையே சிறிது சிறிதாக நிறுத்திவிட்டார். “வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டாமா?” என்று ஏதேனும் சாக்குச் சொல்லுவார். நாங்களும் அதை மெய்யென்றே நம்பியிருந்தோம்.

அவர் எங்களுக்குச் சொல்லாமல், பக்கத்துத் தெருவில் நடந்த ஒரு யோக வகுப்புக்கு ஒரு நாள் போயிருக்கிறார். அங்கே கற்பித்தவர் இவரைப் பார்த்து, “உங்களால் முடியாது அம்மா, ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருங்கள்” என்றாராம். இளைஞர்கள் வளைவதையும் நிமிர்வதையும் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர், மறுநாள் போகவில்லை. என் கழுத்து நோய்க்குப் பின் நான் ஓர் ஆசிரியரைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான், “தம்பி, அங்கே நாற்காலியில் உட்கார்ந்து செய்ய விடுவார்களா என்று மட்டும் கேட்டுவா” என்றார். அப்போதுதான் பழைய செய்தி வெளிவந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அன்பர்களே! யோகம் யாருக்கு என்னும் கேள்விக்கு விடை காண, ஒரு பெரியவருடைய சரித்திரத்தை நாம் நோக்குவோம். திருமலை கிருஷ்ணமாசாரியார் 1888-ஆம் வருஷம் பிறந்து, 1989-ஆம் வருஷம் சென்னையிலே காலஞ்சென்றவர். நூறு வயது நிறைந்தவர். சாஸ்திரங்களிலும் ஆயுர்வேதத்திலும் வல்லவர். 1930-களில் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், ஜகன்மோகன் அரண்மனையிலே யோகசாலை நடத்தினார். அவர் கன்னடத்தில் எழுதி 1934-இல் வெளிவந்த ‘யோக மகரந்தம்’ என்னும் நூல், 1938-இல் மதுரையில் தமிழிலும் அச்சாயிற்று. பிற்காலத்தில் உலகமெங்கும் யோகத்தைப் பரப்பிய பி. கே. எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் ஆகியோர் அவருடைய மாணாக்கர்களே.

அந்த யோகசாலைக்கு ஓர் ஐரோப்பிய மாது வந்தார். அவர் 1899-இல் ரீகா நகரத்தில் பிறந்தவர். பின்னாளில் இந்திரா தேவி என்று பெயர் பெற்றவர். ஆசாரியார் முதலில் அவரைச் சேர்த்துக்கொள்ள உடன்படவில்லை. பெண்ணென்பதும் பிறநாட்டவரென்பதும் தடையாக நின்றன. மகாராஜா வற்புறுத்தியதன் பேரிலேயே இசைந்தார். இசைந்தபின், உணவிலும் நியமத்திலும் கடுமையான நிபந்தனைகளை விதித்துச் சோதித்தார். அம்மையாரோ யாவற்றையும் பொறுத்துக் கற்றுத் தேறினார். அவ்வளவில் ஆசாரியார் மனம் மாறி, தாமே அவரைப் பிறர்க்குக் கற்பிக்கும்படி ஏவினார். அவர் பின்னர் அமெரிக்காவிலுள்ள ஹாலிவுட்டில் யோகசாலை தொடங்கி, 102 வயது வரை வாழ்ந்தார். கதவு சாத்தப்பட்டவர் ஒருவர், கதவு திறந்தபின் எத்தனை பேருக்கு வாயிலானார் என்பதை இதனால் உணரலாம்.

ஆசாரியார் 1950-களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தார். பக்கவாதத்தால் வருந்திய ஒரு புகழ்பெற்ற சட்ட அறிஞருக்குச் சிகிச்சை செய்யவே அவர் அழைக்கப்பட்டார் என்பர். மைசூரில் சிறுவர்களுக்கு வேகமும் வலிவும் உள்ள ஆசனக் கோவைகளைக் கற்பித்தவர், சென்னையில் நோயாளிகளுக்கும் முதியோர்க்கும் கருவுற்ற மாதர்க்கும் முற்றிலும் வேறான முறைகளைக் கற்பித்தார். யோகத்துக்கு மனிதனைப் பொருத்துவதன்று, மனிதனுக்கு யோகத்தைப் பொருத்துவதே முறை என்பது அவருடைய போதனையின் சாரம். தொண்ணூறு வயது கடந்தபின் அவருக்கே இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சையை மறுத்து, படுத்த படுக்கையிலேயே செய்யத்தக்க பயிற்சிகளைத் தமக்குத்தாமே அமைத்துக்கொண்டார். அவருடைய புதல்வர் தேசிகாசார் 1976-இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாசாரிய யோக மந்திரம் இம்முறையைத் தொடர்ந்து பயிற்றி வந்தது.

இப்போது, புதிதாகத் தொடங்குவோர் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

பயிற்சிக்கு உகந்த காலம் காலை வேளை, இயலாதவர்க்கு மாலை. சாப்பாட்டுக்குப் பின் மூன்று நான்கு மணி நேரம் கழிந்திருக்கவேண்டும். உடை தளர்ச்சியாயும், விரிப்பு வழுக்காததாயும் இருத்தல் நலம். தொடக்கத்தில் இருபது நிமிஷமே போதும். வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் செய்வதைக் காட்டிலும், தினந்தோறும் இருபது நிமிஷம் செய்வது பன்மடங்கு பயன் தரும். நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும். அன்றாடக் கணக்கை அன்றாடம் எழுதுகிறவன் வருஷ முடிவில் திகைப்பதில்லை.

அடுத்தது சுவாசம். நாசியின் வழியாகவே மூச்சை இழுத்து, நாசியின் வழியாகவே விடவேண்டும். கைகளை உயர்த்தும்போதும் மார்பை விரிக்கும்போதும் மூச்சு உள்ளே வரும். முன்னே குனியும்போதும் வயிறு சுருங்கும்போதும் வெளியே போகும். அசைவு மூச்சைத் தொடரவேண்டுமே அன்றி, மூச்சு அசைவின் பின்னே ஓடலாகாது. மூச்சு தடுமாறினால், செய்வது அளவுக்கு மிஞ்சிவிட்டதென்று அறிந்து அப்போதே நிறுத்துக. இதைக் காட்டிலும் நல்ல அளவுகோல் வேறில்லை. இது ஒவ்வொருவரிடமும் இலவசமாக இருக்கிறது.

முதல் மாதத்துக்கு வேண்டிய ஆசனங்கள் மிகச் சிலவே. கால்களைச் சேர்த்து நிமிர்ந்து நிற்றல் தாடாசனம். அதிலிருந்து கைகளை மெல்ல உயர்த்தி இறக்குதல் ஒரு பயிற்சி. பின்னர், முழங்காலைச் சிறிது மடக்கியவாறே முன்னே குனிதல். காலை நீட்டியே தீரவேண்டுமென்னும் பிடிவாதம் வேண்டுவதில்லை. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, முதுகைப் பூனைபோல் வளைத்து நிமிர்த்தல் இன்னொன்று. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மார்புக்கு அணைத்தல் வேறொன்று. கவிழ்ந்து படுத்து மார்பைச் சிறிதளவு தூக்குதல் புஜங்காசனம். ஒரு புறம் வளைந்தால், பின்பு அதற்கு எதிர்ப்புறம் மெல்ல வளைந்து உடலைச் சமன்செய்து கொள்ளவேண்டும். இறுதியிலே சவாசனம். அசையாமல் ஐந்து நிமிஷம் மல்லாந்து கிடப்பது எளிதென்று நினைப்பவர், ஒரு நாள் கைப்பேசியை வேறறையில் வைத்துவிட்டுச் செய்து பார்க்கட்டும்.

பிராணாயாமத்தைத் தொடங்குவோர், மூச்சை அடக்கும் கும்பகத்தை விரும்பலாகாது. உட்கார்ந்து, இழுப்பதைக் காட்டிலும் விடுவதைச் சற்று நீளமாக்கிக் கொள்வதே முதற்பாடம். பத்து மூச்சு இவ்வாறு விட்டால் மனம் சிறிது அமைதியுறுவதை யாவரும் அன்றே உணரலாம்.

வியாதியுள்ளோர் வைத்தியரைக் கலந்துகொண்டே தொடங்கவேண்டும். இரத்த அழுத்தம் மிகுந்தவரும், கண்ணில் நீரழுத்த நோயுள்ளவரும் தலைகீழான நிலைகளை விலக்குக. குடலிறக்கம் உள்ளவர், அண்மையில் அறுவைச் சிகிச்சை பெற்றவர், எலும்பு மெலிந்தவர், முதுகெலும்பின் வட்டு விலகியவர் ஆகியோர் இச்செய்தியை முதல் நாளே ஆசிரியரிடத்தில் மறையாது சொல்லவேண்டும். கருவுற்ற மாதர்க்கு அதற்கென்று பயின்ற ஆசிரியர் வேண்டும். இருதய நோயுள்ளவர் மூச்சை அடக்கவே கூடாது.

இன்னொன்று. யோகம் செய்கிறோமென்று நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உண்ணும் மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அதைப்போன்ற அபாயம் வேறில்லை. யோகம் மருந்துக்குத் துணை, மாற்றன்று. நாட்பட்ட இடுப்பு வலிக்கு முதலில் கையாளத்தக்க முறைகளுள் ஒன்றாக யோகத்தை, 2017-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரியார் தங்கள் வழிகாட்டியிற் சேர்த்திருக்கிறார்கள். இரத்த அழுத்தத்தைச் சிறிதளவு தணிக்கவும் அது உதவுவதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ‘சிறிதளவு’ என்னும் சொல்லை மறவாதீர்கள். யோகம் எல்லா நோயையும் தீர்க்குமென்று விளம்பரம் செய்பவர் யோகத்துக்கு நண்பரல்லர்.

இனி, ஆசிரியரைப் பற்றியும் வகுப்பைப் பற்றியும் ஒரு சொல். நல்ல ஆசிரியர் முதல் நாள் தாம் வித்தை காட்டமாட்டார். உங்களைக் கேள்வி கேட்பார். வயதென்ன, தொழிலென்ன, எங்கே வலி, இரவில் உறக்கம் எப்படி என்று கேட்பார். ஒருவருக்குச் சொன்னதையே பத்துப்பேருக்கும் சொல்லமாட்டார். வலித்தாலும் பொறுத்துக்கொள் என்று முதுகின்மேல் அழுத்தமாட்டார். கற்பவரும் அடுத்த விரிப்பைப் பார்க்கலாகாது. யோகசாலையில் பந்தயமில்லை, பரிசுமில்லை.

என் தமக்கையாரை நான் அழைத்துச் சென்ற ஆசிரியர் அத்தகையவர். முதல் நாள் அவரை நாற்காலியில் அமர்த்தி, மூச்சை உள்வாங்கியபடி ஒரு கையை மாத்திரம் தூக்கச் சொன்னார். ஆறு முறை தூக்கினார். “இன்றைக்கு இவ்வளவு போதும் அம்மா, நாளைக்கும் இதையே வீட்டில் செய்யுங்கள்” என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் அக்காள் அந்தக் கையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்து நின்று செய்யும் பயிற்சிகள். அதன்பின் கட்டிலிற் படுத்துச் செய்பவை. நான்கு மாதம் சென்றபின், தரையில் அமர்ந்து, நாற்காலியைப் பற்றிக்கொண்டு பிறர் துணையின்றித் தாமே எழுந்திருத்தல். முழங்கால் வலி முற்றும் நீங்கிற்று என்று சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் இன்றும் வலிக்கத்தான் செய்கிறது. அவர் வைத்தியரிடத்தில் போகத்தான் செய்கிறார். ஆனால், சென்ற தை மாதம் எங்கள் பங்காளி வீட்டுக் கலியாணத்துக்கு அவர் வந்திருந்தார். பெண்களோடு சமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கும்போது யாருடைய கையையும் தேடவில்லை. அதைக் கவனித்தவன் நான் ஒருவனே.

இதனை இச்சபையிலே சொல்வதற்குக் காரணம் உண்டு. வகுப்பைப் பற்றிய ஆலோசனையின்போது, முதலில் வாலிபர்களுக்கு மாத்திரம் தொடங்கலாம், பெண்களுக்கும் முதியோர்க்கும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சில அன்பர்கள் கருதினார்கள். அவர்கள் கருத்து நன்மை நாடியதே. இடம் போதாது, ஆசிரியர் ஒருவரே என்பவையும் உண்மை. ஆயினும், ‘பிறகு’ என்ற சொல் நம் சங்கங்களிலே எத்தனை வருஷம் நீளும் என்பதை நாம் யாவரும் அறிவோம். ஓடியாடும் வாலிபனுக்கு யோகம் நல்லதே. ஆனால் அவனுக்கு வேறு விளையாட்டுக்களும் உண்டு. தன்னால் முடியாதென்று வீட்டுக்குள் ஒதுங்கியிருப்பவர்க்கு இதுவன்றி வேறு என்ன இருக்கிறது? தகுதியற்றவன் என்று தன்னை எண்ணுகிறவனை முதலில் சேர்த்துக்கொள்ளும் வகுப்பே யோக வகுப்பென்னும் பெயர்க்கு உரியது என்பது என் தாழ்ந்த அபிப்பிராயம்.

ஆகவே நிர்வாக சபையார்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கிறேன். முதல் நாள் தொடங்கியே பெண்களுக்குத் தனி நேரமும், அவர்கள் விரும்பினால் ஓர் ஆசிரியையும் ஏற்படுத்துக. ஒரு வகுப்புக்குப் பன்னிருவர்க்கு மேல் சேர்க்காது, விரிப்புக்களோடு ஆறு நாற்காலிகளையும் போடுக. மூன்றாவது, அயல் வீட்டார் எக்குலத்தாராயினும் வரவிரும்பினால் வாயிலில் நிறுத்திக் கேள்வி கேளாதொழிக. மூச்சுக்குக் குலமில்லை. மைசூர் அரண்மனையின் கதவு ரீகாவிலிருந்து வந்த ஒரு மாதுக்குத் திறந்ததென்றால், நம் மண்டபத்தின் கதவு பக்கத்துத் தெருவுக்குத் திறப்பதில் வியப்பென்ன?

ஐக்கிய நாடுகள் சபையார் 2014-ஆம் வருஷம் தீர்மானித்தபடி, 2015 முதல் ஜூன் மாதம் 21-ஆம் தேதி சர்வதேச யோக தினமாகக் கொண்டாடப்படுகிறது. அந்த ஒரு நாளில் ஆயிரக்கணக்கானோர் மைதானத்தில் கூடுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் யோகம் பிழைப்பது மறுநாட் காலையிலே, யாரும் பாராத அறையிலே, ஒருவர் தம் விரிப்பை விரிப்பதிலேதான் இருக்கிறது. வகுப்பு அதற்கு வழி காட்டும், நடக்கவேண்டியவர் நாமே.

அன்பர்களே! உங்கள் பொறுமையை அதிகம் சோதித்துவிட்டேன். வகுப்பில் சேர விரும்புவோர் பெயரெழுத, வாயிலருகே ஒரு குறிப்புப் புத்தகம் வைக்கப்பட்டிருக்கிறது. முதல் வரி வெறுமையாயில்லை. கூட்டம் தொடங்குமுன்பே என் தமக்கையார் தம் பெயரை அதில் எழுதிவிட்டார். இரண்டாவது பெயர் என்னுடையது. மூன்றாவது வரி உங்களுக்காகக் காத்திருக்கிறது.